உச்சாணிக் கொம்புக்கு ஒரு கயிறு

உலகிலேயே உயரமான மரத்தின் உயரத்தை உறுதி செய்ய, கடைசியில் ஒரு மனிதர் அளவு நாடாவோடு அதன் உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் வடகோடியில் நிற்கும் அந்த ரெட்வுட் மரத்துக்கு ஹைப்பீரியன் என்று பெயர். கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் இருவரும் 2006-ல் அதைக் கண்டுபிடித்தபோது தரையில் நின்றபடி லேசர் கருவியால்தான் அளந்தார்கள். பிறகு ஹம்போல்ட் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஸ்டீவ் சில்லெட் கயிற்றில் ஏறி, உச்சியிலிருந்து நாடாவை இறக்கினார். 115.55 மீட்டர். போர்னியோவிலும் இதே கதைதான். சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் ஒரு மஞ்சள் மெரான்டி மரத்தை விமானத்திலிருந்து பாய்ச்சிய லேசர் காட்டிக்கொடுத்தது. ஆனால் 100.8 மீட்டர் என்ற எண் உறுதியானது, 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்ற உள்ளூர் மரமேறி உச்சிக்குப் போன பிறகுதான்.

இவர்கள் எப்படி ஏறுகிறார்கள்? நம் ஊர் பனையேறி தளைநாரைக் காலில் மாட்டி, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார். இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ரெட்வுட்டில் அந்த வித்தை செல்லாது. முதல் கிளையே பல மாடி உயரத்தில்தான் தொடங்கும். அதனால் இவர்கள் மரத்தில் ஏறுவதில்லை, மரத்திலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறுகிறார்கள். தூண்டில் நரம்பு கட்டிய அம்பை வில்லால் எய்து ஏதாவதொரு கிளையைத் தாண்டி விழச் செய்வார்கள். அந்த நரம்பில் மெல்லிய நூல்கயிற்றைக் கட்டி இழுத்து, அதில் ஏறுகயிற்றைக் கட்டி இழுக்க வேண்டும். சாதாரண மரங்களுக்கு அம்பு வேண்டாம். ஈயக் குண்டுகள் அடைத்த சிறு பையைக் கயிற்று நுனியில் கட்டி வீசினாலே போதும். கை எட்டாத கிளைக்கு நீளமான கழியில் பொருத்திய ராட்சத உண்டிவில் இருக்கிறது. குறி தப்பித் தப்பி, நூல் சிக்கிச் சிக்கி, பல நேரங்களில் ஏறுவதைவிட இந்த வீச்சுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

கயிறு மாட்டியாயிற்று. இனி எல்லாமே உராய்வின் கையில்.

மிரண்ட காளையின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு சிறுவன்கூட இழுத்துப் பிடித்து நிற்பதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். சுற்றுகள் கூடக் கூட, தாங்கும் வலு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 5 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 23, மூன்றுக்கு 111, நான்குக்கு 500-க்கும் மேல்.

மரமேறியின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் முடிச்சும் இதே குடும்பம்தான். தடித்த ஏறுகயிற்றைச் சுற்றி ஒரு மெல்லிய கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றி, அதன் முனைகளை இடுப்பில் மாட்டிய ஹார்னஸோடு கேரபினர் என்ற கொக்கியால் இணைக்கிறார்கள். எடை விழுந்தால் சுற்றுகள் இறுகிக் கவ்வும். எடையை எடுத்துவிட்டுக் கையால் தள்ளினால் வழுக்கி மேலே போகும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் பிரஸிக் 1931-ல் அறிமுகப்படுத்திய முடிச்சு இந்த வகையில் மிகப் பிரபலம். ஆனால் எடை தாங்கியபின் அது சட்டென்று இளகாது. மரத்தில் வேலை செய்பவருக்கோ நிமிடத்துக்கு நான்கு தடவை ஏறி இறங்க வேண்டும். அதற்குத் தோதாக, எடை இருக்கும்போதே லேசாக அழுத்தினால் மெல்ல வழுக்கி இறங்கும் பிளேக்ஸ், டிஸ்டல் போன்ற முடிச்சுகள் மரமேறிகளிடையே பரவின. இப்போது அதே வேலையைச் செய்யும் அலுமினியக் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. எந்தக் கயிற்றுக்கு எந்த முடிச்சு, எத்தனை சுற்று என்று இவர்கள் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

அந்தப் பேச்சில் அர்த்தமில்லாமல் இல்லை. உராய்வு என்றால் சூடு. வேகமாக இறங்கினால் முடிச்சு கொதிக்கும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகும். எஃகைவிட வலுவானது என்று கொண்டாடப்படும் டைனீமா இழை 150 டிகிரியைத் தொடுமுன்பே உருகிவிடும். அதனால் சுற்றுக்கயிற்றின் மேலுறையை அராமிட் இழையில் நெய்கிறார்கள். அது உருகாது, மிக உயர்ந்த சூட்டில் கருகத்தான் செய்யும்.

பாறையேறும் கயிற்றை வாங்கி மரத்தில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு சாதி. பாறையேறி தவறி விழுவார் என்று எதிர்பார்த்தே அவருடைய கயிறு ரப்பர்போல நீளும்படி செய்யப்படுகிறது. மரமேறும் கயிறு பெரும்பாலும் 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், 2 டன்னுக்கு மேல் தாங்கும், ஆனால் அதிகம் நீளாது. ஆகவே இங்கே விழுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கயிறு எப்போதும் தலைக்கு மேலே, தளர்வில்லாமல் இருக்க வேண்டும்.

ஏறுவதில் இரண்டு வழிகள். பழைய வழியில் கயிறு கிளையைத் தாண்டி இரண்டு பக்கமும் ஏறுபவரிடமே வரும். ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும், ஆனால் இழுக்கும் பளு கிட்டத்தட்டப் பாதிதான். உராய்வு கொஞ்சம் கழித்துக்கொள்ளும். புதிய வழியில் கயிற்றின் ஒரு முனையை அடிமரத்திலேயே கட்டிவிட்டு மறுமுனையில் கால் பலத்தால் ஏறுகிறார்கள். நெடுமரங்களுக்கு இது வசதி. இதில்தான் புதியவர்கள் கோட்டைவிடுகிற ஒரு கணக்கு இருக்கிறது. 70 கிலோ ஆள் தொங்கும்போது, கட்டிய பக்கமும் அதே விசையோடு கீழே இழுக்கிறது. எனவே கிளையின் மேல் விழுவது 140 கிலோவை நெருங்கும். பழைய வழியில் 70 மட்டுமே. எந்தக் கவையில் கயிறு கிடக்கிறது, அந்தக் கிளையில் காளான் முளைத்திருக்கிறதா, குளவிக்கூடு உண்டா என்று தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிச் சோதித்த பிறகே ஏறுவார்கள்.

மரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. மரத்தைப் பருமனாக்குவதும் காயத்தை மூடுவதும் அதுதான். கிளைமேல் கயிறு அறுத்துக்கொண்டே ஓடினால் மெல்லிய பட்டை தேய்ந்து இந்தப் படலம் சிதையும். அதைத் தடுக்க, இரண்டு வளையங்கள் கோத்த ஒரு பட்டையைக் கிளையில் போட்டு வளையத்துக்குள் கயிற்றை ஓட விடுகிறார்கள். காலில் கட்டும் இரும்பு முள், வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும்தான். வாழப்போகும் மரத்தில் முள்ளைக் குத்தி ஏறுகிறவரை இந்தத் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள். பனைக்கும் தென்னைக்கும் கேம்பியமே கிடையாது. அடிமரம் சிராய்த்தாலும் அவை பட்டுப்போகாமல் நிற்பதும், ஒருமுறை வெட்டிய படி என்றைக்கும் ஆறாமல் இருப்பதும் அதனால்தான்.

தொழிலாக இருந்ததைப் பொழுதுபோக்காக்கியவர் பீட்டர் ஜென்கின்ஸ். பாறையேறியாக இருந்து மரப் பராமரிப்புக்கு வந்த அவர், 1983-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பொதுமக்களுக்குக் கயிற்றேற்றம் கற்றுக்கொடுக்கும் அமைப்பைத் தொடங்கினார். ஏறி, கிளைகளுக்கிடையே தொட்டில் கட்டி, இரவு அங்கேயே தூங்குகிற அளவுக்குப் பைத்தியம் முற்றியவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் மாற்றுத்திறனாளிகளும் இந்தக் கயிற்றைப் பிடித்து மரமேறுகிறார்கள். ஹார்னஸ் உடலைத் தாங்கிக்கொள்வதால் காலில் பலமில்லாதவரும் கையால் ஏறிவிடலாம்.

தொழில்முறை ஏறிகளுக்கு 1970-களிலிருந்து சர்வதேசப் போட்டியே நடக்கிறது. அதில் என்னைக் கவர்வது வேகப் பந்தயமல்ல, மீட்புச் சுற்று. மரத்தில் மயங்கித் தொங்கும் ஆளுக்குப் பதிலாக ஒரு பொம்மை இருக்கும். குறித்த நேரத்துக்குள் ஏறி, அதைப் பத்திரமாக இறக்க வேண்டும். ஹார்னஸில் அசைவில்லாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் தனியாக ஏறக்கூடாது, கீழே ஏறத் தெரிந்த இன்னொருவர் தன் கயிறோடு தயாராக நிற்க வேண்டும் என்பது விதி.

அனுபவம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதும் உண்மை. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க ஆய்வாளர் நளினி நட்கர்னி, உலகின் மூத்த மரஉச்சி ஆய்வாளர்களில் ஒருவர். 2015-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பக் காட்டில் ஏறியிருந்தபோது சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு உட்படப் பல எலும்புகள் முறிந்தன. பிழைத்து, தேறி, மீண்டும் மரமேறினார்.

அதே தீபகற்பத்தில்தான் இளம் ஆய்வாளராக அவர் ஒரு விநோதத்தைக் கண்டறிந்தார். பெரிய இலை மேப்பிள் மரக்கிளைகளில் பாசியும் இலைதழையும் மக்கி மண்ணாகத் திரண்டிருந்தன. பாசி மெத்தையை விலக்கிப் பார்த்தால், அந்த மண்ணுக்குள் மரத்தின் சொந்தக் கிளையிலிருந்தே வேர்கள் முளைத்து ஊட்டத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன! 1981-ல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாமல் போன சங்கதி.

ரெட்வுட் உச்சியிலும் ஒரு தனி உலகமே இருக்கிறது. கிளைக் கவைகளில் மண் தங்கி, பெரணியும் பெர்ரிப் புதர்களும் அதில் வளர்கின்றன. ஈரமான அந்த மண்ணில் சலமாண்டர்கள் வாழ்கின்றன. மரத்திலிருந்து குதித்தால் அவை கைகாலை விரித்து, காற்றில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைக் காற்றுச்சுரங்கத்தில் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 2004-ல் ஜார்ஜ் கோச், சில்லெட் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் ஒரு பெரிய கேள்விக்கு விடை சொன்னார்கள். மரம் எவ்வளவுதான் உயரும்? மேலே போகும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரை இழுக்க ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகத் தேவை. உச்சியில் மழை பெய்தாலும் இலை தாகத்தோடுதான் இருக்கிறது. விரியப் போதுமான நீரழுத்தம் இல்லாததால் இலைகள் குறுகிச் செதில்போல ஆகின்றன. இந்தக் கணக்குப்படி 122 முதல் 130 மீட்டர்தான் எல்லை. கயிற்றில் தொங்கியபடி உயரம் உயரமாக இலைகளைப் பறித்து அளந்ததால் கிடைத்த எண் அது.

நம் பக்கத்திலும் இந்தக் கயிறு வேலை செய்திருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், காக்காச்சி மழைக்காட்டில், 1990-களில் டி. கணேஷ், சௌபத்ரா தேவி இருவரும் மரஉச்சிப் பூக்களை ஆராய்ந்தார்கள். வெடிபலா மரத்தின் பூவுக்கு இதழ்கள் கிடையாது, சதைப்பற்றான புல்லிதான். அதைத் தின்ன சிங்கவால் குரங்கும் வௌவாலும் மரநாயும் வருகின்றன. பூவைத் தின்று அழிப்பவை என்று நினைக்கத் தோன்றும் இந்த விலங்குகளுக்கு அதன் மகரந்தச் சேர்க்கையிலும் பங்கு உண்டு என்று அவர்களுடைய ஆய்வு காட்டியது. அகத்தியமலைத் தொடரில் இன்னும் ஏறிப் பார்க்காத மரங்கள் நிறைய. அதற்கு ஆளும் பணமும் ஒதுக்கப்படவில்லை என்பதுதான் என் குறை.

ஆர்வம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஹைப்பீரியனே சாட்சி. அதன் இருப்பிடம் மறைத்து வைக்கப்பட்டிருந்தும் கசிந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிதித்து மிதித்து, அடியில் பெரணி அழிந்து மண் இறுகியது. 2022-ல் ரெட்வுட் தேசியப் பூங்கா அந்தப் பகுதியையே மூடியது. மீறி நுழைந்தால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மரத்துக்குக் கேடு செய்தவர்கள் ஏறியவர்களல்ல, கீழே நின்றவர்கள்.

இதைப் படித்துவிட்டுக் கை துறுதுறுத்தால் ஒரு வார்த்தை. காணொளி பார்த்துக் கற்கிற வித்தை இல்லை இது, தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தேர்ந்த ஏறிகளே ஒரு புது முடிச்சை முதலில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில்தான் சோதிப்பார்கள். கவ்வச் சொன்னால் கவ்வுகிறதா, விடச் சொன்னால் விடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மேலே போனபின் பார்க்க நேரமிருக்காது.