வகுப்பறையிலிருந்து சட்டமன்றத்துக்கு ஒரு வாசல் இருந்தது

வெள்ளிமலையிலிருந்து பேசுறேன். வாத்தியார் வேலையிலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

1922ல் பிறந்த இரண்டு பேரை எடுத்துக்குவோம். ஒருத்தர் தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே. இன்னொருத்தர் திருவாரூர் பக்கம் காட்டூரில் பிறந்த க. அன்பழகன். நைரேரேவை அந்த நாட்டு மக்கள் 'முவாலிமு' என்று கூப்பிட்டாங்க. சுவாஹிலி மொழியில் அதுக்கு ஆசிரியர்னு அர்த்தம். அன்பழகனை நாம கடைசி வரைக்கும் 'பேராசிரியர்' என்றுதான் சொன்னோம். என்ன பதவி வந்தாலும் இருவருக்கும் நிலைத்த பேர் பழைய வேலையோட பேர்தான்.

நைரேரே பள்ளி ஆசிரியரா இருந்துகிட்டே 1954ல் கட்சி நடத்தினார். பள்ளியா அரசியலா என்ற கேள்வி வந்ததும் 1955ல் வேலையை விட்டார். அன்பழகன் 1944லிருந்து பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1957ல் எழும்பூரில் ஜெயித்து சட்டமன்றம் போனார். அதோட வகுப்பறை முடிஞ்சது. பிறகு இரண்டு முறை கல்வி அமைச்சர், 2006லிருந்து 2011 வரை நிதி அமைச்சர்.

வாத்தியார் ஆட்சிக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. நைரேரே எழுத்தறிவை வளர்த்தார். அதே ஆள் காலத்தில்தான் 1970களில் மக்களைக் கட்டாயமா புதுக் கிராமங்களுக்குக் குடிபெயர்த்தாங்க, விளைச்சலும் அடி வாங்கியது. நாடு வகுப்பறை இல்லையே, சொன்னதும் எழுந்து இடம் மாறி உட்கார!

நான் கவனிக்கச் சொல்றது அன்பழகன் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஐந்து வருஷத்தை. 1962லிருந்து 1967 வரை அவர் சட்ட மேலவை உறுப்பினர், ஆசிரியர் தொகுதியிலிருந்து. இப்படி ஒரு தொகுதி இருந்ததே இன்றைக்குப் பலருக்குத் தெரியாது.

அரசியலமைப்பின் 171வது பிரிவு சொல்றது இதுதான்: மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கணும். உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் மூன்று வருஷமாவது பாடம் நடத்தியவங்களுக்குத்தான் அதில் ஓட்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குக் கிடையாது. குறை உள்ள ஏற்பாடுதான். ஆனா அரசுப் பள்ளி ஆசிரியர் நடத்தை விதிப்படி கட்சியில் சேர முடியாது, வேலையை விடாம தேர்தலில் நிற்க முடியாது. அப்படிப்பட்டவர் வேலையில் இருந்துகிட்டே தன் தொழில் சார்பா ஒருத்தரை அவைக்கு அனுப்ப இது ஒரு வாசல். 1986 நவம்பர் 1ல் மேலவையே கலைக்கப்பட்டது. 2010ல் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டம் போட்டும், 2011ல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. பக்கத்தில் கர்நாடகத்தில் இன்னும் மேலவை இருக்கு, ஆசிரியர் தொகுதியும் இருக்கு.

இதுக்கும் வெள்ளிமலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அரசாங்கம் இங்கே வந்ததே தாமதம். அப்படி வந்த அரசாங்கத்தில் தினமும் மக்கள் பார்க்கிற முகம் வாத்தியார்தான். எந்தப் பிள்ளை அப்பா அம்மாவோட வெளியூர் வேலைக்குப் போய் நின்னுடுச்சு, யாருக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காம படிப்பு தடைபடுது, எந்த ஊருக்கு மழைக்காலத்தில் பாதை இல்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். இங்குள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையிலும் இல்லை, பழங்குடியினர் நலத்துறையில் இருக்கு. அதனால கல்வி அமைச்சரே வாத்தியாரா இருந்தாலும் இந்தப் பள்ளிகள் நேரா அவர் மேசைக்கு வராது.

மேலவை திரும்ப வரணுமா என்பது பெரிய விவாதம். செலவு, பதவி ஆசை என்று எதிர்ப்புக்கும் காரணம் உண்டு. ஆனா அது இல்லாதபோது, மலையை நன்றாத் தெரிஞ்ச அந்த ஆளோட பேச்சு கோட்டைக்குப் போக வேற என்ன வழி வெச்சிருக்கோம்? உங்க ஊர் வாத்தியார்கிட்ட கேட்டுப் பாருங்க. அவர் சொல்றதை எங்களுக்கு எழுதுங்க, அடுத்த பகுதியில் பேசுவோம்.