முகமூடி போட்ட குருவி!

வயல் ஓரத்தில் ஒரு கருவேல மரம். அதன் முள்ளில் ஒரு வெட்டுக்கிளி குத்தப்பட்டு இருக்கிறது. பக்கத்து முள்ளில் ஒரு பல்லி தொங்குகிறது!

"யாரோ பொல்லாத பையன் செய்த வேலை" என்று நினைக்கத் தோன்றும். இல்லை. ஒரு குருவி செய்த வேலை! அதன் பெயர் கீச்சான்.

அடையாளம் என்ன?

அலகில் தொடங்கி, கண் வழியாகக் காது வரை ஒரு கறுப்புப் பட்டை ஓடும். திருடன் முகமூடி கட்டியது போல இருக்கும். அலகின் நுனி பருந்து மூக்குப் போல வளைந்து இருக்கும். வேலி உச்சியில் தனியாக உட்கார்ந்து, தரையையே பார்த்துக் கொண்டு இருக்கும்.

அரக்குநிற முதுகும், சாம்பல்நிறத் தலையும், வெள்ளை வயிறும் கொண்ட கீச்சான் நம் நாட்டிலேயே வாழ்வது. பழுப்புக் கீச்சான் விருந்தாளி. சைபீரியா, மங்கோலியா பக்கம் இருந்து மழைக்காலத்துக்கு முன்பு வரும். கோடையில் திரும்பி விடும்.

முள் எதற்கு?

கீச்சான் பாடும் பறவை இனம். மற்றப் பறவைகளைப் போலக் குரல் கொடுக்கவும் தெரியும். ஆனால் தின்பது மாமிசம்! இரையை அமுக்கிக் கிழிக்கப் பருந்துக்கு வலுவான நகம் உண்டு. கீச்சானின் கால்களோ மெலிந்தவை. எனவே இரையை முள்ளில் மாட்டி, அலகால் பிய்த்துத் தின்னும். மீதியை நாளைக்கு வைத்துக் கொள்ளும். இதனால்தான் வெள்ளைக்காரர்கள் இதற்குக் "கசாப்புக்காரப் பறவை" என்று பெயர் வைத்தார்கள்.

அமெரிக்காவில் உள்ள ஒரு வகைக் கீச்சான், விஷ வெட்டுக்கிளியைப் பிடித்தால் உடனே தின்னாது. ஓரிரு நாள் முள்ளிலேயே காய விடும். விஷம் குறைந்த பிறகுதான் வாய் வைக்கும்! என்ன பொறுமை!

விரட்டலாமா?

சில நேரங்களில் சிறு குருவிகளின் குஞ்சுகளையும் கீச்சான் தூக்கும். அதைப் பார்த்துக் கல் எறிபவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முக்கிய உணவு வெட்டுக்கிளியும் வண்டும்தான். சுண்டெலியையும் பிடிக்கும். பயிரைத் தின்பவற்றை அது தின்கிறது. கூலி கேட்பது இல்லை.

அது கேட்பது ஒன்றே ஒன்றுதான். கூடு கட்ட ஒரு முள் புதர்! வரப்பு ஓரத்துப் புதரை வெட்ட அரிவாளை ஓங்கும் முன், உச்சியில் முகமூடிக்காரன் இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் புதரை விட்டு வையுங்கள். அவன் உங்கள் வயலுக்குக் காவல்காரன்!