டிரில் மாஸ்டர்களுக்கு ஒரு குரு

"டிரில் மாஸ்டர்" என்றதும் நமக்கெல்லாம் விசிலும் கைப்பிரம்பும்தான் ஞாபகத்துக்கு வரும். கணக்கு வாத்தியாருக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிகூட அவருக்குக் கிடைத்ததில்லை. அந்த உத்தியோகத்தை ஒரு படிப்பாக்கி, அதற்குக் கௌரவம் தேடித் தந்தவர் நம் சென்னையில்தான் வாழ்ந்தார் என்பது எத்தனை சகோதரிகளுக்குத் தெரியும்?

அவர் பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்காக்காரர். 1919-ல் சென்னைக்கு வந்தார். அப்போதெல்லாம் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் பட்டாளத்து டிரில்தான். குழந்தைகளுக்கு விளையாட்டு வேண்டும், அதை முறையாகச் சொல்லித் தர ஆசிரியர்கள் வேண்டும் என்று நினைத்த பக், 1920-ல் ஐந்தே மாணவர்களுடன் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில், அடையாற்றங்கரையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி. ஆசியாவிலேயே முதல் உடற்பயிற்சிக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியுடன் பக்கும் போனார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் அங்கே தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடினார். ஃபுட்பால், ஹாக்கி மட்டுமல்ல, நம் ஊர்க் கபடியையும் மதித்தவர் பக். ஆட்ட விதிகளைத் தொகுத்து அவர் எழுதிய புத்தகத்தைப் பல தலைமுறை ஆசிரியர்கள் பயன்படுத்தினார்கள். 1943-ல் காலமாகும்வரை கல்லூரியின் முதல்வர் அவரே.

ஒரு கோச்சின் பெருமையை ஜெயித்த கோப்பைகளை வைத்துக் கணக்கிடுவார்கள். பக் உருவாக்கியதோ கோச்சுகளை! அவர்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பள்ளி மைதானங்களில் நின்றார்கள். பிற்காலத்தில் பெண்களும் அங்கே படித்து ஆசிரியைகளாக வந்தார்கள்.

அந்த மைதானங்களுக்கு இப்போது என்ன கதி? எங்கள் தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். போதாதென்று, "என்னக்கா, வயசுக்கு வந்த பொண்ணு, இன்னும் பந்து உதைக்க அனுப்புறீங்களே!" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. "அவளுக்குக் காலும் இருக்கு, ஆசையும் இருக்கு. போய்ட்டு வரட்டும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து வயது முதல் பதினேழு வரை, பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண் குழந்தைக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்ட கையோடு, "வாரத்தில் எத்தனை விளையாட்டு பீரியட்? உண்மையிலேயே நடக்கிறதா?" என்றும் கேளுங்கள். நாலு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?