திருவொற்றியூர் விளக்கும் சங்கத்தின் முதலும்

பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் கும்மிடிப்பூண்டி செல்லும் ரயிலில் ஏறினால், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர் ஆகிய நிலையங்களைக் கடந்து திருவொற்றியூரை அடையலாம். சரக்கு வண்டிகளும் கிடங்குகளும் ஆலைகளும் மலிந்த இவ்வழியிலே பழம்பெரும் திருத்தலம் ஒன்று உண்டென்பது புதிதாய் வருவோருக்கு வியப்பளிக்கும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் இது. ஆதிபுரீசுவரர் இங்கே புற்று வடிவில் எழுந்தருளியுள்ளார். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தப்பெற்றிருக்கும் அத்திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டிய மூன்று நாட்களில் மட்டுமே கவசமின்றித் தரிசிக்கலாம். வடிவுடையம்மன் சந்நிதியும், சுந்தரர் சங்கிலியாருக்குச் சபதம் செய்ததாகக் கூறப்படும் மகிழமரமும், கடற்கரையருகே பட்டினத்தார் சமாதியும் யாத்திரிகர் அறிந்தவையே. கூட்டுறவு அன்பர்களோ இவற்றோடு கோயிற் சுவர்களையும் நின்று நோக்குதல் வேண்டும்.

சாவா மூவாப் பேராடு

தூங்கானை மாட வடிவிலமைந்த மூலவர் விமானம், முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்தில் கற்றளியாக எடுக்கப்பெற்றது. பல்லவர் காலந்தொட்டு விசயநகர வேந்தர் காலம்வரை பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இக்கோயிலில் உள்ளன. அவற்றுள் நந்தாவிளக்கு எரிப்பதற்கான அறக்கட்டளைகள் பல.

அக்காலத்து ஏற்பாட்டைக் கேளுங்கள். ஒரு விளக்குக்குப் பொதுவாக 90 ஆடுகளை வழங்குவர். அவற்றை ஏற்ற இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். கிழ ஆடு இறந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும். மந்தையின் கணக்கு மட்டும் குறையலாகாது. ஆகவேதான் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். பொன் வழங்கினால் ஊர்ச் சபையார் அதனை முதலாகப் பெற்று, பொலிசையாகிய வட்டியைக் கொண்டு அறத்தை நடத்துவர். முதலில் கைவைப்பதில்லை. கொடுத்தவர் யார், ஏற்றவர் யார், அளக்க வேண்டியது எவ்வளவு என்பன யாவும் கல்லிலே எழுதப்பட்டன. ஒளிக்க இயலாத பேரேடு அது!

தனித்து நின்றவர்

இவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த கலிய நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் கூறுகிறார். செக்குத் தொழிலில் செல்வராயிருந்த அவர், கோயில் முழுவதும் விளக்கேற்றிப் பொருளனைத்தும் இழந்தார். உறவினரிடம் எண்ணெய் பெற்று விற்றுக் கூலி கொண்டார். அதுவும் நின்றபின் பிறர் செக்கில் உழைத்தார். அவ்வேலையும் கிட்டாதபோது வீட்டை விற்றார். முடிவில் தம் உதிரத்தையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். இறைவன் தடுத்தாட்கொண்டான் என்பது புராணம். அவருடைய பக்தியை அளப்பது நம் நோக்கமன்று. ஆயினும் தொழிலாளி ஒருவன் படிப்படியாகச் செக்கையும் வீட்டையும் இழக்கும் விதத்தை அவ்வரலாறு அப்படியே காட்டுகிறது. விளக்குக்கு மந்தையும் பொன்னும் முதலாக நின்றன. கலியருக்கோ அத்தகைய முதல் எதுவுமில்லை.

காலடிப்பேட்டை

ஊரின் தென்பால் காலடிப்பேட்டை உள்ளது. இன்று மெட்ரோ நிலையமும் அப்பெயரையே தாங்குகிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ‘காலெட் பேட்டை’யே மக்கள் வாக்கில் இவ்வாறு மருவிற்று. அங்கே கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் எழுந்தது. அந்நாளில் கம்பெனியின் துணி வாணிகம் முன்பணத்தால் நடந்தது. முன்பணம் வாங்கிய நெசவாளி, தறியில் இறங்குமுன்னரே தன் துணிக்கு உரிமையிழந்தான்.

அந்தக் கட்டை அவிழ்க்கவே 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் வழிவகுத்தன. எனினும் சட்டம் தானே நம்மைக் காக்காது. சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்போது, சேமநிதியை அன்றாடச் செலவுக்கு எடுக்கலாமா என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். நெருக்கடி உண்மைதான், நூல் விலையும் உர விலையும் நாமும் அறிவோம். ஆனால் மந்தையை அடித்துத் தின்றபின் நெய் எங்கிருந்து வரும்?

ஆகவே உறுப்பினர்களே, தவணைதோறும் கடனைத் திருப்புங்கள். துணியையும் விளைபொருளையும் சங்கத்தின் வழியே விற்பனை செய்யுங்கள். மகாசபைக்கு வந்து வரவு செலவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். திருவொற்றியூருக்குச் செல்லும்போது குடும்பத்தாருக்கு அக்கல்வெட்டுகளையும் காட்டுங்கள். சங்கத்தின் முதல் சாவாமலும் மூவாமலும் இருப்பின், நம் தறிகளும் ஏர்களும் ஓயா.