கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று வீசியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தலைமுறைகளாக நின்ற தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. வேதாரண்யம் வட்டத்தில் இருந்த என் அத்தை குடும்பம் உயிரோடு தப்பியது. ஆனால் அவர்களுக்குச் சேரவேண்டிய நிவாரணத்தில் ஒரு பகுதி இன்றுவரை வரவில்லை. காற்று கொண்டுபோனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அடுத்த பத்துப் பதினைந்து நாட்களில், கணக்கெடுக்க வருபவர்களின் நோட்டில் ஏறாமலேயே போகிறதே, அந்த இழப்பைப் பற்றிப் பேச ஆளில்லை.

அந்த இரவில் மாமா, அத்தை, இரண்டு மகன்கள், மருமகள், கைக்குழந்தை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த முகாமில் இருந்தார்கள். அத்தை வர மறுத்தாள். கொட்டகையில் கறவை மாடு நின்றது. குழந்தையைக் காட்டித்தான் மருமகள் அவளை அழைத்துவந்தாள். வடக்கிலிருந்து மணிக்கணக்கில் அறைந்த காற்று நள்ளிரவுக்குப் பிறகு சட்டென்று நின்றது. புயல் போய்விட்டது என்று நினைத்து மாமா மாட்டைப் பார்க்கக் கிளம்பினார். பக்கத்தில் படுத்திருந்த மீனவப் பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "இருங்க தம்பி, இப்ப கண்ணு கடக்குது. இனிமே தெக்கேருந்து அடிக்கும்."

அப்படியே நடந்தது. புயலின் நடுவே காற்றடங்கிய வட்டம் ஒன்று உண்டு. அது தலைக்கு மேல் கடக்கும்போது சிறிது நேரம் அமைதி இருக்கும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முதல் காற்றில் ஆடிப்போன சுவரும் பாதி சாய்ந்த மரமும் இந்த இரண்டாவது காற்றில்தான் விழும். அபாயம் நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை வெளியே வரக்கூடாது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்ற எண்களைச் சுவரில் எழுதிவையுங்கள்.

விடிந்த பிறகும் ஆபத்து உண்டு. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நாமே முடிவு செய்யக்கூடாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்துகூட அதில் மின்சாரம் திரும்பி வரலாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் அதன் புகை மூச்சை நிறுத்திவிடும். விழுந்த கீற்றுக் குவியலில் பாம்பு ஒதுங்கியிருக்கும். குடிநீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

இனி உரிமைக்கு வருவோம். நிவாரணம் என்பது ஆட்சியில் இருப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே கை கட்டிக்கொள்கிறோம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தையும், உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் கருணைத்தொகையையும், விதவைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாட்டையும் வகுக்கும் பொறுப்பை அதன் 12ஆம் பிரிவு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் மேல் சுமத்தியது. இது விருப்பம்போல் செய்யும் வேலையல்ல, கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிவாரணத்தில் சாதி, மதம், பாலினம் பார்த்து வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது 61ஆம் பிரிவு. ஊருக்கு வந்த பொட்டலம் காலனித் தெருவுக்கு வராமல் போனால், அது சட்டமீறல்.

தொகைகளும் எழுத்தில் இருக்கின்றன. மாநிலப் பேரிடர் நிதிக்காக மத்திய அரசு 2022 முதல் 2026 வரைக்கு வகுத்த விதிகளின்படி, உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000. பசு அல்லது எருமை இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. பாசன வசதியுள்ள பயிர் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்தால் ஹெக்டேருக்கு 17,000, நீண்டகாலப் பயிருக்கு 22,500. படகு முற்றிலும் சிதைந்தால் 15,000. மாநில அரசு இதற்கு மேலும் தரலாம். 2023இல் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு உயிரிழப்புக்கு 5 லட்சம் என்று உயர்த்தியது.

இந்தத் தொகைகள் போதுமா என்று கேட்டால், போதாது. ஒரு ஹெக்டேரில் 175 தென்னை என்று கணக்கிட்டால், 22,500 ரூபாயில் மரத்துக்கு 129 ரூபாய்கூட வராது. நாட்டுத் தென்னங்கன்று நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருடம் ஆகும். கஜாவின்போது மாநில அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் கொடுத்ததால்தான் பல குடும்பங்கள் மறுபடி கன்று வாங்கின. மத்திய விதி தென்னையை இன்னும் தனியாகப் பார்க்காமல் இருப்பது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த 1,100 ரூபாயும் கணக்கில் ஏறிய மரத்துக்குத்தான். மாமாவின் தோப்பு அவர் அனுபவத்தில் இருந்ததே ஒழிய அவர் பெயரில் இல்லை. பட்டா, இறந்துபோன அவருடைய தாத்தா பெயரிலேயே கிடந்தது. சம்பா நட்டிருந்த வயல் வெளியூரில் இருக்கும் ஒருவருடையது, வாய்ப்பேச்சில் குத்தகை. மூத்த மகன் பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டுத் தனியாகச் சமைத்தாலும், பெயர் அப்பாவின் ரேஷன் கார்டில் இருந்தது. இறந்த மாட்டை நாற்றம் எடுக்குமுன் புதைத்துவிட்டார்கள். கால்நடை மருத்துவர் பார்க்கவில்லை, ஒரு படம்கூட இல்லை. முடிவில் நோட்டில் ஏறியது ஓட்டு வீட்டின் சேதம் மட்டும். மாமா அன்று என்னிடம் சொன்னது: "மாப்ளே, மரமும் நம்மளுது இல்ல, வயலும் நம்மளுது இல்ல, மாடு இருந்ததுக்கே சாட்சி இல்லைங்குறாங்க."

இது அவர் ஒருவரின் கதை இல்லை. டெல்டாவில் குத்தகைக்கு உழும் எவருக்கும், புறம்போக்கில் குடியிருக்கும் எவருக்கும், கூட்டுக்குடும்பமாக ஒரே கார்டில் இருக்கும் எவருக்கும் இதுதான் நேர்கிறது. சேதமடைந்த வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று சான்று வேண்டும் என்பது மத்திய விதி. குடிசைக்கு என்று தனி இனம் அதே விதியில் இருக்கிறது. பட்டா இல்லை என்று சொல்லிக் கைவிரிக்கும் இடத்தில், "குடிசை இனத்தில் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

பயிர்க் கணக்கை வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுக்கும். தென்னைக்குத் தோட்டக்கலைத் துறையும் வரும். வி.ஏ.ஓ. எழுதுவதே அடித்தளம். ஆகவே அவர் வருவதற்கு முன்பே சேதத்தைப் படம் எடுங்கள். தேதியும் இடமும் பதிவாகும்படி செல்போனில் அமைத்துக்கொண்டு, வீட்டு எண் அல்லது அடையாளமான கோயில், கிணறு ஏதாவது தெரியும்படி எடுத்தால் பின்னால் யாரும் மறுக்க முடியாது. மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரின் சான்று. மனிதர் இறந்தால், துக்கத்தின் நடுவே கேட்கக் கொடுமையாக இருந்தாலும், போலீசில் பதிந்து பிரேதப் பரிசோதனை செய்யாமல் அடக்கம் செய்யாதீர்கள். இறப்பின் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்று இல்லாமல் அந்தத் தொகை கிடைக்காது. குத்தகைதாரர் என்றால், சாகுபடி செய்பவர் நீங்கள்தான் என்று அடங்கலில் ஏறியிருக்கிறதா என்பதைப் புயல் வருமுன், நட்ட கையோடு பார்த்துவிடுங்கள்.

தாள்கள் வெள்ளத்தில் போனால் பயப்பட வேண்டாம். பட்டா, சிட்டா நகலை இ-சேவை மையத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் பெறலாம். தொலைந்த ஆவணங்களுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையவழியிலேயே அறிக்கை தருகிறது.

பெயர் விடுபட்டிருந்தால் வாய்ச்சொல்லாகக் கெஞ்சிக்கொண்டு அலையக்கூடாது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். தாசில்தார், அடுத்து கோட்டாட்சியர், பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம் என்பது வரிசை. 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரிக்கும் சொல்லலாம். பதிலே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் ஊரின் கணக்கெடுப்புப் பட்டியல், எந்த இனத்தில் யாருக்கு எவ்வளவு, உங்கள் மனு என்ன ஆனது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. மாமா இதைத்தான் செய்தார். வாரிசுச் சான்றிதழும் சித்தப்பாக்களின் சம்மதக் கடிதமும் சேர்த்துக் கொடுத்த பிறகு, பல மாதம் கழித்துத் தென்னைக்கான பணம் வந்தது. நெல்லுக்கும் மாட்டுக்கும் வரவில்லை.

வழக்கு வரை போக வேண்டுமானால் வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களையும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களாகவே சேர்த்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

கடனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கஜாவுக்குப் பிறகு மின்சாரம்கூட வராத ஊர்களில் குழு லோன் வசூலிக்க ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். அத்தை பின்கதவு வழியாக வெளியே போன நாட்கள் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக்கூடாது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. பயிர்க்கடனுக்குத் தவணை மாற்றி அமைக்கச் சொல்லி வங்கியில் எழுத்து மூலம் கேட்கலாம். பேரிடர்ச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகையைப் பரிந்துரைக்க வழி வைத்திருந்தது. 2025 திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. வயநாட்டு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டவர்களின் கடனைப் பற்றிக் கேரள உயர் நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோது இந்த நீக்கத்தையே மத்திய அரசு காரணமாகச் சொன்னது. அந்தப் பிரிவு திரும்ப வேண்டும் என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

காப்பீட்டில் நேரமே முக்கியம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் அறுத்து வயலில் உலரவைத்த கதிர் புயல்மழையில் கெட்டாலும், அறுத்த 14 நாட்களுக்குள் என்றால், இழப்பீடு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வங்கியிலோ வேளாண் அலுவலரிடமோ தெரிவித்திருக்க வேண்டும். குத்தகைதாரரும் இதில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கில் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இயற்கைச் சீற்றத்தால் வரும் மரணத்தையும் விபத்தாகவே எடுத்துக்கொண்டு 2 லட்சம் தருகிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய பாஸ்புத்தகத்தில் அந்த 20 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தென்னைக்கும் காப்பீடு இருக்கிறது என்பதை டெல்டாவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்? தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 9 ரூபாய், இழப்பீடு 900 ரூபாய். 16 முதல் 60 வயது மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய், இழப்பீடு 1,750 ரூபாய். பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் கட்டினால் விவசாயி கட்டுவது மரத்துக்கு 2 ரூபாய் 25 காசு அல்லது 3 ரூபாய் 50 காசு. ஐந்து நல்ல மரம் இருந்தாலே சேரலாம். ஐப்பசி பிறந்த பிறகு ஓடுவதைவிட ஆடியிலேயே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கேளுங்கள். அங்கே போகும் அதே நாளில் தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவுக்கும் பெயர் மாற்ற மனு கொடுத்துவிட்டு வாருங்கள்.