வயிற்றுக்குள் ஒரு மணிக்கட்டு

‘ரோபோ வைத்து ஆபரேஷன் செய்தால் எண்டோமெட்ரியோசிஸ் திரும்ப வரவே வராதாமே?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. பெரும்பாலும் அதே அறையில், ஒரு பெட்டிக்குள் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல்கள் போகிற வழியில் போகிறது, அவ்வளவுதான். அவர் அடையாளம் காணாத நோய்த்திட்டை அதுவும் விட்டுவிடும்.

கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு சினைப்பையிலும் குடலிலும் சிறுநீர்க்குழாயிலும் வேர்விடுகிற நோய் இது. வீங்கி, கசிந்து, தழும்பாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வழக்கமான லேப்ராஸ்கோப்பியில் இதை எடுப்பது எப்படி? மூடிய பானை. மூடியில் மூன்று நான்கு ஓட்டைகள். அவற்றின் வழியே நீளக் கரண்டிகளை விட்டு, அடிப்பிடித்த சர்க்கரைப் பொங்கலைச் சுரண்ட வேண்டும். கரண்டியின் கழுத்து ஓட்டையில் மாட்டியிருப்பதால் கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். ஆழமாக விட விட, நுனியின் வீச்சு கூடும். மூடி கிழியக் கூடாது, அது வயிற்றுச் சுவர். பானையில் கீறல் விழக் கூடாது, அது குடல். பொங்கலுக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் புதைந்து ஓடுகிறது; அது சிறுநீர்க்குழாய், நறுக்கினால் கதை கந்தல். முந்திரியை உடையாமல் விட்டுவைக்க வேண்டும், அது சினைப்பை. பொங்கலை இதற்கு மேல் கிளறினால் எனக்கே பசிக்கும்.

லேப்ராஸ்கோப்பியின் நேர்த்தடிக்கு வயிற்றுக்குள் நாலே அசைவுகள்தான்: மேலும் கீழும், இடமும் வலமும், உள்ளும் வெளியும், சுழற்சி. ரோபோக் கருவியின் நுனியருகே ஒரு மணிக்கட்டு இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் தடிக்குள் மெல்லிய உலோக வடங்கள் குட்டிக் கப்பிகளில் ஓடுகின்றன. வெளியே மோட்டார் ஒரு வடத்தை இழுத்தால் உள்ளே மணிக்கட்டு மடங்கும், இன்னொன்றை இழுத்தால் பக்கவாட்டில் திரும்பும். கவ்வுவதையும் சேர்த்தால் ஏழு அசைவுகள். வலம் இடமாகும் குழப்பத்தைக் கணினி நேராக்கிவிடுகிறது. கை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் நுனி ஒன்று மட்டும் நகரும்படி வைக்கலாம். விரல் நடுக்கத்தையும் வடிகட்டிவிடும்.

ஆனால் என்னைச் சொக்கவைப்பது வேறு. ரோபோவின் கரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தடி வயிற்றுச் சுவரைக் கடக்கும் அந்த ஒரு புள்ளி மட்டும் நகராது. அங்கே கீல் இல்லை, அச்சாணி இல்லை, எதுவும் இல்லை. வெளியே இருக்கும் கரம் ஓர் இணைகரச் சட்டம்போல் கட்டப்பட்டிருக்கிறது. அதன் மூட்டுகள் சேர்ந்து மடங்கும்போது, வெற்றிடத்தில் இருக்கும் ஒரு கற்பனை அச்சைச் சுற்றித் தடி சுழல்கிறது. அந்த அச்சைக் கொண்டுவந்து சரியாகத் தோலின் துளையில் பொருத்திவிடுகிறார்கள். துளை இழுபடுவதில்லை. பத்தாம் வகுப்பு வடிவியல்!

வரலாறு வேண்டுமென்றால்: போர்க்களத்தில் காயம்பட்டவரைத் தொலைவிலிருந்தே அறுக்கலாம் என்ற அமெரிக்க ராணுவத்தின் ஆசை இதன் வேர்களில் ஒன்று. டா வின்சி என்ற அறுவை ரோபோவுக்கு அந்நாட்டு அனுமதி 2000-இல் கிடைத்தது, மகளிர் நோயியல் துறைக்கு 2005-இல்.

சரி, பலன்? அமெரிக்காவில் 73 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோ, மறுபாதிக்கு சாதாரண லேப்ராஸ்கோப்பி என்று எண்டோமெட்ரியோசிஸ் அறுவை செய்து பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. அறுவை நேரம், ரத்த இழப்பு, சிக்கல்கள் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், குடலைத் துளைத்துப்போன கடினமான நோய்க்கு மணிக்கட்டு கைகொடுக்கலாம். ஆனால் விளம்பரப் பலகைகள் அந்த ‘லாம்’ விகுதியை அச்சடிப்பதில்லை. நோய் திரும்புவதைத் தள்ளிப்போட, அறுவைக்குப் பின் பலருக்கு ஹார்மோன் மருந்து தருவது ரோபோ அறுவைக்கும் பொருந்தும்.

இன்னொன்று: ஆழமாக ஊடுருவிய திட்டு தொட்டால் கெட்டியாக இருக்கும். டா வின்சியில் அந்தத் தொடு உணர்வே இல்லாமல், மருத்துவர்கள் திசு வளைவதைக் கண்ணால் பார்த்தே அழுத்தத்தை ஊகித்துவந்தார்கள். 2024-இல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறை டா வின்சியில்தான் விசை உணரும் கருவிகள் வந்தன. செலவும் இருக்கிறது: மணிக்கட்டுக் கருவிகளுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. பல கருவிகளுக்கு நெடுங்காலம் பத்து முறைதான். உள்ளே ஒரு சில்லு எண்ணிக்கொண்டிருக்கும். கணக்கு முடிந்ததும், நுனி கூராக இருந்தாலும், இயந்திரம் அதை ஏற்க மறுத்துவிடும். பில் தொகை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.