கொல்லைப் பந்தலில் எந்தக் கொடி?



"ஆடி வருது, கொல்லையிலே என்ன கொடி போடலாம்?" என்று ஊர்களில் என்னிடம் கேட்பார்கள். பந்தல் கொடிகள் பல உண்டு. அவற்றின் குணம் தெரிந்து போட்டால், பல மாதங்களுக்குச் சந்தைக்குப் போகாமலே அடுப்படிக்குக் காய் வரும்.

பந்தல் அவரை: ஆடியில் விதைத்தாலும் பகல் பொழுது குறைந்த பிறகுதான் பூக்கும். "கொடி படருது, பூவைக் காணோமே" என்று புரட்டாசியிலேயே பிடுங்கிவிடாதீர்கள். கார்த்திகை முதல் மாசி வரை பறிக்கலாம். பந்தல் போட வசதியில்லாதவர்கள் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் போன்ற குத்து அவரை போடலாம். அவை எந்தப் பருவத்திலும் காய்க்கும். ஆனால் பந்தல் அவரை போல நெடுநாள் காய்ப்பதில்லை.

பயற்றங்காய்: விதைத்த 50 நாள் வாக்கில் முதல் பறிப்பு. சீக்கிரம் வரும், சீக்கிரம் ஓய்ந்துவிடும். இளசாகப் பறியுங்கள்.

சிறகவரை: பிஞ்சு, கொழுந்து, பூ எல்லாமே கறிக்கு ஆகும். இதுவும் பகல் குறைந்த பிறகே பூக்கும்.

வாளவரை: வறட்சி தாங்கும். பிஞ்சாகவே வேகவைத்துச் சாப்பிடுங்கள். முற்றிய விதையில் நச்சு உண்டு. பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது நல்லது? ஒன்றையே நம்பாமல் இரண்டு போடுங்கள். பந்தலின் ஒரு பக்கம் பயற்றங்காய், மறுபக்கம் அவரை. பயறு ஓயும் சமயம் அவரை பூவெடுக்கும். ஓரடிக் குழியில் மக்கிய தொழு உரம் இட்டு 3 விதை ஊன்றுங்கள். அரிசி, பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். ஆனால் தேங்க விடாதீர்கள், கொசு பெருகும்.

பறித்த காய் யார் தட்டில் விழுகிறது? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் மனைவி. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவம் ஆபத்தானது. குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

அவரையிலும் பயற்றிலும் புரதமும் ஃபோலிக் சத்தும் உண்டு. "வாயு" என்று கர்ப்பிணிக்குக் கொடுக்காமல் ஒதுக்க வேண்டாம். பூண்டு, சீரகம் சேர்த்து நன்றாக வேகவைத்தால் போதும். சாப்பிட்டவுடன் காப்பி, டீ வேண்டாம்; அவை இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. காய் மட்டும் இரத்தசோகையைத் தீர்த்துவிடாது. கர்ப்பிணிகள் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும்.

கணவன்மார்களே! பந்தக்கால் நட்டது நீங்களாக இருக்கலாம்; தினமும் தண்ணீர் ஊற்றியவள் அவள். சட்டியில் காய் இருக்கும்போதே மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். குடும்ப நலம் அங்கேதான் தொடங்குகிறது.